எடைத் தட்டில் ஏறிய சடுகுடு: கபடி வீரரின் உடல் மீதான எதிர்பார்ப்புகளின் வரலாறு

முன்னுரை

சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் தடத்தில் திருமுல்லைவாயிலை அடுத்து, ஆவடிக்கு முன்பாக வரும் நிலையம் அண்ணனூர். புறநகர் மின்ரயில்களைப் பராமரிக்கும் ‘கார் ஷெட்’ இருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகளும். மறுபக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இந்த வட்டாரத்தில் வளரும் இளைஞருக்கு உடற்தகுதி என்பது பல வேளைகளில் வேலைத் தகுதியும்கூட. ‘பிறவியிலேயே ஆட்டக்கார உடம்பு’ என்ற பேச்சு நம்மிடையே சாதாரணம். கபடி வீரரின் உடலை உருவாக்கியதில் பிறப்பைவிட ஆட்ட விதிகளுக்கும் வேலைவாய்ப்புக்குமே பங்கு அதிகம் என்பதை வரலாற்று வழியில் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

மூச்சே அளவுகோல்

சடுகுடு ஆடிய ஊர்களில் ஆட்டக்காரரை யாரும் எடை போட்டதில்லை. பாட்டு அறுபடாமல் எதிரணிக்குள் போய்த் திரும்பும் மூச்சுதான் அவருடைய பலம். பிடிப்பவருக்குக் கைப்பிடியும் காலூன்றலும் போதும். சஞ்சீவனி, காமினி, அமர் எனப் பிரிந்து கிடந்த ஆட்ட முறைகளுக்கு மராட்டிய நிலத்து உடற்பயிற்சிக் கழகங்கள் 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் எழுத்து விதிகளை வகுத்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இந்த ஆட்டத்தை உலகத்தார் முன் ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது.

எடை வரம்பின் வருகை

ஊருக்கு ஊர் ஆடிய ஆட்டம் மாநிலத்துக்கு மாநிலம் ஆடும் போட்டியானபோது, கனத்த உடல்களை மட்டும் அடுக்கி அணி அமைத்தால் ஆட்டத்தின் வேகம் செத்துவிடும் என்ற கவலைக்கு இடம் வந்தது. அதற்கான விடையே எடை வரம்பு. மூத்தோர் ஆடவர் பிரிவில் 80 கிலோவாக இருந்த உச்ச வரம்பு பின்னர் 85 கிலோவானது. மூத்தோர் மகளிருக்கு 75 கிலோ. இளையோரில் ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 65 கிலோ. நம் ஊர்க் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகளிலும் பரிசுத் தொகைக்குப் பக்கத்தில் கிலோக் கணக்கு அச்சாகிறது. மூச்சை அளந்த ஆட்டம் எடைத் தட்டில் ஏறியது இப்படித்தான்.

வேலை கேட்ட உடல்

ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் 1928இல் தொடங்கப்பட்டது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் திறக்கப்பட்டது. ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவன அணிகள் வீரர்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் இன்று சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்வின் அளவுகோல் வேறு: பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், 81 செ.மீ. மார்பளவு, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிவு, 7 நிமிடத்துக்குள் 1,500 மீட்டர் ஓட்டம். காவலர் வேலைக்கும் கபடிக்கும் சேர்ந்தே தயாராகும் இளைஞர் ஒரே உடலை இரண்டு அளவுகோல்களுக்குப் பொருத்த வேண்டியிருக்கிறது.

மேட்டும் முப்பது நொடியும்

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். 2014இல் புரோ கபடி லீக் வந்தது; 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. மண் தரை போய் ‘மேட்’ வந்தது, காலில் ஷூ ஏறியது, எதிரணிக்குள் போய்த் திரும்பும் ஒரு ‘ரைடு’க்கு 30 நொடி என்று கடிகாரம் வந்தது. நீண்ட மூச்சைவிட, நொடியில் வெடிக்கும் வேகத்துக்கு மதிப்பு கூடியது. ஜிம்மும் புரத உணவும் பயிற்சியின் பகுதியாயின. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்திய ஆடவரை 27–18 என ஈரான் வென்றது. முறையான பயிற்சியால் எட்டிய வெற்றி அது. அதேபோல், 1975இல் பிறந்த தஞ்சை வட்டாரத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றார். 2019இலும் லீக்கில் ஆடினார். நாற்பது வயதைத் தாண்டியும் அவரைக் களத்தில் நிறுத்தியது உடல் பராமரிப்பும் ஆட்ட அறிவும்.

ரக்பி லீக் தரும் சான்று

கபடியைப் போலவே உடலோடு உடல் மோதும் ஆட்டமான ரக்பி லீக், 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தது. ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டக் கேட்ட தொழிலாளர்களின் கோரிக்கையே அதன் வேர். அங்கே எடை வரம்பு இல்லை. உடலை மாற்றியவை வேறு விதிகள். ஆஸ்திரேலியத் தேசிய லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு 12 என இருந்த மாற்று ஆள் எண்ணிக்கை 2008இல் 10 ஆகவும், 2016இல் 8 ஆகவும் குறைந்தது. ஓய்வு குறைந்ததும், கனத்தோடு நெடுநேரம் ஓடவும் முடிந்த முன்வரிசை வீரர்களைப் பயிற்சியாளர்கள் தேடினர். விதி மாறியது, தேடப்படும் உடலும் மாறியது.

மரபணுவின் எல்லை

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்பது வாதமன்று. ஏசிடிஎன்3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் வேகத் தசைநார்களில் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. வேக ஆட்டக்காரர்களிடம் அவ்வடிவம் அதிகம் காணப்படுவதை 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்தப் புரதமே இல்லாமல் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் நலமாக வாழ்கிறார்கள். சமோவா மக்களிடம் உடல் எடையைக் கூட்டும் சிஆர்இபிஆர்எஃப் மரபணு வடிவம் 2016இல் அறியப்பட்டது. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் ஏறத்தாழப் பாதிப் பேர் பசிபிக் தீவு வழியினர் என்றாலும், புலம்பெயர்வு, பள்ளி அணிகள், தொழில்முறைச் சம்பளம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மரபணுவை மட்டும் காரணமாக்க முடியாது. நம்மூரில் சாதியையும் ஊரையும் உடல் வலுவோடு முடிச்சுப் போடும் பேச்சுக்கு அந்த அளவு ஆதாரமும் கிடையாது.

முடிவுரை

எடை வரம்பு சமமான ஆட்டத்துக்கு உதவுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. எடை பார்க்கும் நாளுக்காகத் தண்ணீரைக் குறைப்பதும், பட்டினி கிடந்து வியர்க்க ஓடுவதும் எடைப் பிரிவு கொண்ட எல்லா ஆட்டங்களிலும் வரும் ஆபத்து. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடியதால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் தகுதி இழந்ததை நாடே கண்டது. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தனர். அதன் பிறகு அங்கே உடலின் நீர்ச்சத்தைச் சோதித்தே குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கும் முறை வந்தது. வளரும் வயதுப் பிள்ளைகளை ஆடவைக்கும் பள்ளிகளும் மாவட்டக் கபடிக் கழகங்களும் அதே சோதனையைப் பருவத் தொடக்கத்திலேயே நடத்த வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை எடை பார்க்கும் நாளுக்காகத் தாகத்தோடு ஓடுவதை எந்தப் பயிற்சியாளரும் எந்தப் பெற்றோரும் அனுமதிக்கக் கூடாது.