கருவியைப் பிடிக்கும் கை: அலாஸ்காவின் தொலைமருத்துவம்

அலாஸ்காவின் மேற்கே, பெரிங் கடலோரத்தில் நோம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பதினைந்து ஊர்களில் இனுபியாக், யூபிக் தொல்குடியினர் வாழ்கிறார்கள். பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. குழந்தையின் காதில் நாட்பட்டுச் சீழ் வடிந்தால் சிறு விமானத்தில் நோமுக்கும், அங்கிருந்து ஆங்கரேஜ் நகரிலுள்ள அலாஸ்கா தொல்குடி மருத்துவ மையத்துக்கும் போக வேண்டும். பனிமூட்டம் கவிந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இந்தத் தொலைவைத் தொலைமருத்துவம் பெருமளவு குறைத்திருக்கிறது. அதை இயல வைத்தது ஊரிலேயே பயிற்சி பெற்ற மனிதர்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அலாஸ்காவில் இணைப்புக்கு முன்பே ஆள் இருந்தார். 1950களில் காசநோய் தொல்குடியினரை வாட்டியபோது, மருந்து கொடுத்துக் கண்காணிக்கும் பொறுப்பு கிராமத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சமூக சுகாதாரத் துணையாளர் திட்டத்துக்கு 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியது. 1971இல் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் வழியாகச் சில கிராமங்களின் துணையாளர்கள் மருத்துவர்களோடு அன்றாடம் பேசத் தொடங்கினார்கள். படம் அனுப்பும் கருவிகள் 1990களின் இறுதியில் தொடங்கிய கூட்டாட்சித் திட்டம் ஒன்றின் வழியாகவே வந்தன.

அந்தக் கருவித்தொகுதி சக்கரம் வைத்த ஒரு வண்டி. அதில் கணினி, கேமரா, காதுக்குள் படமெடுக்கும் வீடியோ ஓட்டோஸ்கோப், இசிஜி, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமீட்டர் எல்லாம் இருக்கும். குழந்தையைத் தாயின் மடியில் உட்காரவைத்து, காதுமடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, செவிப்பறை முழுதும் தெரியும்வரை ஓட்டோஸ்கோப்பைத் திருப்ப வேண்டும். குறும்பி மறைத்தாலோ குழந்தை திமிறினாலோ படம் வீண். தெளிவான படமும் நோய் விவரமும் கோப்பாக ஆங்கரேஜுக்குப் போகும். நிபுணர் நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் எழுதுவார். நேரலைக் காணொளி இல்லாததால் மெதுவான இணைப்பே இதற்குப் போதும்.

பலன் அளந்து பார்க்கப்பட்டது. நோம் வட்டாரத்தின் நார்ட்டன் சவுண்ட் சுகாதாரக் கழகத்தின் செவித்திறன் வல்லுநர்கள் இம்முறையைக் கையாண்ட அனுபவம் 2010இல் ஆய்வாக வெளியானது. காது-மூக்கு-தொண்டை நிபுணரை நேரில் காண ஐந்து மாதமோ அதற்கு மேலோ காத்திருந்த புதிய நோயாளிகள் முன்பு 47 சதவீதம். தொலைமருத்துவம் வந்த முதல் மூன்றாண்டுகளில் அது 8 சதவீதமாகவும், அடுத்த மூன்றாண்டுகளில் 3 சதவீதத்துக்கும் கீழாகவும் இறங்கியது. கேட்கும் திறனும் பேச்சும் படிப்பும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வயதில், குழந்தைக்கு இந்த மாதங்கள் பெரியவை.

அதிவேக இணையம் வந்துவிட்டால் மருத்துவரே வீட்டுத் திரையில் தோன்றுவார், இடையில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கைப்பேசிக் கேமராவுக்குச் செவிப்பறை எட்டாது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கவும், காய்ச்சல் இரவோடு இரவாக ஏறுகிறதா என்று போய்ப் பார்க்கவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் சுமையோ பெரிது. அகால அழைப்புகள், சொந்த உறவினரின் விபத்தையும் மரணத்தையும் பணியாகச் சந்திக்கும் வலி ஆகியவற்றால் பலர் வேலையை விட்டுப் போகிறார்கள்.

இந்தச் சுமையைக் குறைக்க நிதி வேண்டும்; அதை முடிவுசெய்வது யார் என்பதும் முக்கியம். 1999இல் ஆங்கரேஜ் மையத்தின் நிர்வாகம் தொல்குடி அமைப்புகளின் கைக்கு வந்தது. எதற்கு முதலில் செலவிடுவது என்ற முடிவு, அந்தச் சிகிச்சையை நம்பி வாழும் மக்களிடமே இருப்பது நியாயம். தொலைமருத்துவ நிதியில் துணையாளரின் ஊதியம், தொடர்பயிற்சி, விடுப்பில் போனால் மாற்று ஆள் ஆகியவை கருவிக்கு முன்னால் இடம்பெற வேண்டும். துணையாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஊரை, வண்டி நிற்கிறது என்பதற்காகத் தொலைமருத்துவம் பெற்ற ஊராகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.