ஏழு தீவுகளும் நாற்பத்தொன்பது நாடுகளும்

மும்பையின் வரலாற்றைச் சொல்லும் பொதுநூல்களில் தவறாமல் இடம்பெறும் நிலப்படம் ஒன்று உண்டு. கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மசகாவ், வொர்லி, பரேல், மாஹிம் என ஏழு தீவுகள் தெளிவான கரையோடு தனித்தனியே கடலில் நிற்கும். மாட்டுங்காவும் சயானும் பரேல் தீவின் வடபகுதியில் அடங்கும்; தாராவி அவற்றை அடுத்து, கழிமுகத்தின் ஓரத்தில். செம்பூர் அந்தப் படத்திலேயே இராது. அது கழிமுகத்துக்கு அப்பால், ட்ராம்பே பக்கம்.

இப்படம் அந்தத் தீவுகளைக் கண்டு வரைந்தவர்களின் படம் அன்று. 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கை போர்ச்சுக்கல் அரசு இங்கிலாந்துக்கு அளித்ததைப் பம்பாய்த் துறைமுகமும் தீவும் என்று ஒருமையில்தான் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆர். எக்ஸ். மர்ஃபி என்பவர் பம்பாய் புவியியல் கழகத்தின் வெளியீட்டில், பம்பாய் முற்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தீவுகளாக இருந்தது எனக் கருதக் காரணங்களை அடுக்கினார். ஊகமாகத் தொடங்கிய அக்கருத்து, அடுத்துவந்த வரலாற்றாசிரியர்களின் கைகளில் உறுதிபெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்ககால ஆவணங்களை ஆராய்ந்த டிம் ரைடிங், 2018இல் வெளியான கட்டுரையில், அக்காலத்தவர் பம்பாயை ஏழு தீவுகளாகக் கருதவில்லை என்று காட்டினார். பேரலை ஏறும்போது நீர்மூடியும் இறங்கும்போது சேறாகியும் கிடந்த தாழ்நிலங்கள் இருந்தன. அவற்றைக் கடல் என்பதா நிலம் என்பதா என்பது காண்பவரின் தேவையைப் பொறுத்தது.

இத்தகைய படங்களுக்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு வகை நிலப்படம், வரலாற்றுத் துறையினர் பெரும்பாலும் திரும்பிப் பாராத இடத்தில் வளர்ந்திருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டுக்குச் சொந்தமான உலகப்படம் கிடையாது. காடுமலைகளில் பயணம் செய்ய, வேறொரு நிறுவனம் 1972இல் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற விளையாட்டின் பலகையை இரவல் வாங்கிக்கொள்ளுமாறு அதன் விதிநூல் சொன்னது. மறு ஆண்டே எம். ஏ. ஆர். பார்க்கர் தம் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ விளையாட்டை வண்ணப் படங்களோடு வெளியிட்டார். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதிய மொழியியலாளர் அவர். தெற்காசியச் சாயல் படிந்த ஒரு கற்பனை உலகுக்கு மொழி, கோயில், குலம், நகரம் அனைத்தையும் வகுத்து வைத்திருந்தார். பிறகு கேரன் வின் ஃபான்ஸ்டாட் வருகிறார். புவியியல் பயின்ற இவர் டோல்கீனின் மத்திய உலகுக்கு 1981இலும், டிராகன்லான்ஸ் உலகுக்கு 1987இலும், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகுக்கு 1990இலும் முழு நிலப்படத் தொகுதிகளை வரைந்தார். பின்னிரண்டும் விளையாட்டு உலகங்கள்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவோருக்கு இத்தொகுதிகளால் ஆகும் பயன் யாது? ஆடுபவர் ஒருவர், ‘இந்த ஆற்றைக் கடந்தால் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார். ஆட்டத்தை நடத்துபவர் விடை சொல்லியாக வேண்டும். இன்று சொன்ன விடை அடுத்த வாரம் சொல்வதோடு முரணக் கூடாது. எத்தனை நாள் நடை, வழியில் நீர் உண்டா, பாலத்தில் சுங்கம் வசூலிப்பவர் யார் என்ற கேள்விகளுக்குப் படம் விடை தருகிறது. எனினும் எல்லாம் நிரம்பிய படம் ஆட்டத்துக்கு உதவாது என்பதும் உண்மை. ஒவ்வோர் ஊருக்கும் பெயரும் வரலாறும் எழுதப்பட்டுவிட்டால் ஆடுபவர்கள் சுற்றுலாப் பயணிகளாகிவிடுகிறார்கள். எல்லைக்கோடு தெளிவாகவும் உள்ளிடம் பாதி வெறுமையாகவும் உள்ள படமே நன்றாக ஆடப்படுகிறது.

ஏழு தீவுகளின் படத்தை அந்த அளவுகோலால் அளந்தால் அது மிகச் சிறந்த விளையாட்டுப் படம். தாராவியில் இன்றும் நிற்கும் ரிவா கோட்டையை, மக்கள் வழக்கில் காலா கில்லாவை, எடுத்துக்கொள்ளலாம். 1737இல் ஆளுநர் ஹார்ன் ஆணைப்படி கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. அதே ஆண்டில்தான் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள சால்செட்டில் மராத்தியர் படை போர்ச்சுக்கீசியரிடமிருந்து இடங்களைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஓலையோடு சால்செட்டிலிருந்து மசகாவுக்குச் செல்ல வேண்டிய தூதன், கோட்டைக் காவல், அலை இறங்கும் நேரம் வரை காத்திருப்பதா, கோலி மீனவரின் படகைக் கேட்பதா என்ற முடிவு. ஏழு தனித்தீவுகள் என்றால் ஆறு தடைகள். ஆறு தடைகள் என்றால் ஆறு மாலைகளுக்கான ஆட்டம்.

ஆனால் ஆட்டத்துக்கு வாய்ப்பான அதே தெளிவான கரைக்கோடுதான் வரலாற்றுக்குக் கேடு செய்கிறது. சேற்றுநிலத்தைக் கடல் என்று நீலம் தீட்டியவுடன், அங்கே மீன் பிடித்த கோலிகளும் உப்பு விளைவித்த ஆக்ரிகளும் படத்திலிருந்து கழன்றுவிடுகிறார்கள். பின்னர் எழும் நகரம் முழுவதும் பொறியாளர்கள் கடலிடமிருந்து மீட்ட நிலமாகத் தோன்றுகிறது. மீட்கப்பட்ட நிலத்துக்கு முன்னுரிமையாளர் இல்லை அல்லவா? 1909ஆம் ஆண்டின் அரசிதழ்த் தொகுப்பு பம்பாயின் பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறித்த தாராவியைப் பிற்காலத்தார் வெறும் சதுப்பு என்று பேச முடிந்ததற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்கள் வெற்றிடத்தில் குடியேறவில்லை. மீனவர் ஊரொன்றின் விளிம்பில் குடியேறினார்கள்.

இதே சிக்கலின் தமிழ் வடிவம் குமரிக்கண்டப் படங்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், கடல்கொண்ட நிலத்தில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு எனத் தொடங்கி எவ்வேழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட தொலைவு எழுநூறு காவதம் என்றும் குறிக்கிறார். பெயர்கள் உண்டு, எது எதற்கு வடக்கு என்பது இல்லை. காவதத்துக்கு அகராதிகள் தரும் ஏறத்தாழ 10 மைல் என்ற அளவைக் கொண்டால் 7,000 மைல் வருகிறது. குமரிமுனையிலிருந்து தென்துருவம் ஏறக்குறைய 6,800 மைல்தான். நிலம் துருவத்தையும் தாண்டி மறுபுறம் இறங்கிவிடும்!

வேடிக்கை என்னவெனில், இந்நிலத்தைத் தமிழில் முதலில் படமாக்கியவர்களுள் ஒருவர் அதை மறுக்க முனைந்தவர். 1916இல் ‘செந்தமிழ்’ இதழில் எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி, கடல்கொண்டது ஒரு தாலுகா அளவேயான நிலம் என்று வாதிட்டு, தம் கருத்தையும் எதிர்க்கருத்தையும் படத்தில் காட்டினார். வாதம் மறைந்தது, படம் என்னும் வடிவம் நிலைத்தது. 1927இல் பூரணலிங்கம் பிள்ளையின் படம், 1946இல் புலவர் குழந்தை தென்மதுரையையும் கபாடபுரத்தையும் குறித்த படம், 1977இல் ஆர். மதிவாணன் நாற்பத்தொன்பது நாடுகளையும் நிரப்பிய படம் என ஒவ்வொன்றாக வெற்றிடம் அடைபட்டது. 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் மடகாஸ்கரின் பாலூட்டிகளை விளக்க முன்மொழிந்த லெமூரியா, கண்டத்தட்டுக் கொள்கை வேரூன்றியபின் அறிவியலில் தேவையற்றதாயிற்று. ஆயினும் 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றிய அரசு ஆவணப்படம் திரையிடப்பட்டது. இந்தப் படங்களின் வரலாற்றை சுமதி ராமசாமி 2004இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவற்றை வெறும் பொய் என்று தள்ளாமல், இழப்புணர்வு எவ்வாறு நிலமாக வரையப்படுகிறது என்று பார்த்தது அந்நூலின் சிறப்பு.

விளையாட்டு மேசையில் இருவர் நாற்பத்தொன்பது நாடுகளை இருவேறு விதமாக அடுக்கினால் எவருக்கும் இழப்பில்லை. இரண்டு ஆட்டங்கள் கிடைக்கும். வகுப்பறையில் அவ்வாறு அடுக்கினால் ஒருவர் தவறு, அல்லது இருவருமே தவறு. இந்த வேறுபாட்டை ஃபான்ஸ்டாட் உணர்ந்திருந்தார். கற்பனை உலகைத்தான் வரைகிறோம் என்று அறிந்தும், படங்களோடு சேர்த்துத் தம் முடிவுகளுக்கான காரணங்களை எழுதினார்: மூலநூல் எதைச் சொல்கிறது, எங்கே தாமே கணக்கிட்டார் என்பது படிப்பவருக்குத் தெரியும். கைப்பேசிகளில் இன்று சுற்றும் குமரிக்கண்டப் படங்களிலும், பள்ளிச் சுவரில் தொங்கும் ஏழு தீவுகளின் படத்திலும் அப்படியொரு குறிப்பைக் காண்பது அரிது.