ஐந்தாம் இலக்கப் பொத்தான்

1999இல் சன் நிறுவனம் சிறு கருவிகளுக்கான ஜாவாவை அறிமுகம் செய்தபின், பொத்தான் கைபேசிக்குள்ளும் மைதானம் புகுந்தது. ஆரம்பகால நொக்கியாக்கள் சில 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட விளையாட்டை ஏற்கவில்லை.

2007 ஏப்ரல் 28இல் பார்படோசில் நடந்த உலகக் கிண்ண இறுதியில் இலங்கை 53 ஓட்டங்களால் அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. நான் அப்போது ஆசிரியர் கலாசாலை விடுதியில். மறுநாள் அறைத் தோழர், பட்டணத்தில் தரவிறக்கிய கிரிக்கெட் விளையாட்டொன்றை புளூடூத்தில் அனுப்பினார். 5ஆம் இலக்கத்தை அழுத்தினால் மட்டை சுழலும். போர்வைக்குள் விழித்திருந்து இலங்கையை வெல்லவைத்தோம்.

தோழர் மௌத்தாகிவிட்டார். என் கைபேசியின் பற்றரி வீங்கிவிட்டது. அவர் எடுத்த ஓட்டங்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன. வரலாறு படிப்பிக்கும் நான், அவற்றைக் குறித்துவைக்காமல் விட்டேன்.