ஜீப்பின் முன்னச்சு

நீலகிரியில் ஜக்கதளை என்னும் படகர் ஊரை அடுத்த சரிவில் 1852-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுப்பத் தொடங்கிய படைவீடு, வெலிங்டன் பிரபுவின் பெயரைப் பெற்று, பிரிவினைக்குப்பின் குவெட்டாவை விட்டு வந்த ராணுவ அதிகாரிகளின் கல்லூரிக்கும் 1947-இல் இருப்பிடமாயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் பிறந்த ஜீப் அந்தப் படைவீட்டிலும், பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் அதை உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகு சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் அன்றாட வாகனமாகி, குன்னூர், வெலிங்டன் பட்டறைகளுக்குத் தீராத வேலையை அளித்தது. அந்த வேலைகளில் மிகவும் நுட்பமானது, மெக்கானிக்குகள் ‘வாப்ளிங்’ என்று சொல்லும் முன்சக்கர நடுக்கத்துக்குக் காரணம் காண்பதே.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் சாதுவாக ஊர்ந்த வண்டி, சமவெளியில் இறங்கிக் கோயமுத்தூர்ச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டி ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததும், ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் வெட்டும், மட்கார்டுகள் அதிரும், வண்டி ஏறக்குறைய நின்றாலொழிய அது அடங்காது. மலைப்பாதையின் ஓயாத திருப்பங்களும் மேடுபள்ளங்களும் தேய்த்த தேய்மானத்தை மலையின் மந்த வேகமே மறைத்து வைத்திருந்தது.

சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கோத்திருப்பதே இதன் மூலகாரணம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு திசையில் திரும்புவதுபோலச் சாய்ந்த சக்கரமும் பக்கவாட்டில் திரும்புகிறது. அந்தத் திருப்பம் அச்சை மறுபடியும் சாய்க்க, ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி உண்டாகிறது. அகன்ற பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் 1920-களில் பரவியபோது இந்த வியாதி உலகெங்கும் தலையெடுத்தது. பிரான்சில் ஜார்ஜ் புரூலியே 1925-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து கெடிலாக்குக்குச் சென்ற மாரிஸ் ஆலியின் உழைப்பால், ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் 1934-இல் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங் அமைப்பைப் பெற்றன. கரடுமுரடான போர்க்களத்துக்கு எளிமையும் உறுதியும் வேண்டி ஜீப் பழைய ஒற்றை அச்சையே தரித்தது. பழைய ஃபோர்டு கார்களில் பெரிய எஞ்சினைப் பூட்டி ‘ஹாட் ராட்’ என்று ஓட்டிய அமெரிக்க இளைஞர்களும் அதே அச்சோடு அதே நடுக்கத்தையும் அனுபவித்தார்கள். கார்கள் கைவிட்ட ஒரு ஞானம் நம் மலைப்பட்டறைகளில் பல பத்தாண்டுகள் பிழைத்திருந்தது இதனாலேயே.

அந்த ஞானம் டயரிலிருந்து தொடங்கும். ரீட்ரெட் செய்த டயர் வட்டம் பிசகியிருந்தாலும், காற்று சமமில்லாவிட்டாலும் அதுவே தூண்டுதலாகும். பின்பு ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்ப்பார்கள். பிளே தெரிந்தால், உதவியாள் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் அசைப்பார்கள். அப்போது ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளையான கிங்பின்னில். கிங்பின் மூடியின் கீழுள்ள மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்து பேரிங்கை இறுக்கி, சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடைக் கழற்றி விட்டு, ஸ்பிரிங் தராசால் சக்கரமுனையை இழுத்து அது திரும்பும் கனத்தைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை என்பது என் துணிபு. பழைய ஜீப்பில் இடையே நின்று இருபக்க டை ராடுகளையும் இயக்கும் பெல் கிராங்க் தேய்ந்திருந்தால், மற்றவற்றைப் புதிதாக்கியும் பயனில்லை. ஸ்பிரிங் புஷ்ஷும் ‘யு’ போல்ட்டும் சரிபார்த்த பிறகே, சக்கரங்களின் முன்கூர்மையை (டோ-இன்) 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள்ளும், கிங்பின்னின் பின்சாய்வை (காஸ்டர்) 3 பாகையிலும் அமைப்பது.

இவ்வளவையும் விட்டுவிட்டு ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டி அனுப்புவது இன்று பெருகியுள்ளது. தேய்ந்த கிங்பின் அப்படியே இருக்க நடுக்கம் மட்டும் அடங்குவதால், ஓட்டுநர் ஆபத்தை அறியாமலே வேகத்தைக் கூட்டுகிறார்; டாம்பரின் எண்ணெய் கசிந்து வற்றும் நாளில், முன்னைவிடத் தேய்ந்த முன்னச்சோடு அந்த நடுக்கம் திரும்புகிறது.