வரப்புல நின்னவரும் சேத்துல நின்னவரும்

எங்க கோட்டுச்சேரி 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தது. அப்போ மிராசுதார் செருப்புக் காலோட வரப்புல நிப்பார். பண்ணையாள் வெறுங்காலோட சேத்துல நிப்பார். சேரிக்காரங்க ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாதுங்கிற கட்டுப்பாடு டெல்டா கிராமங்களில் இருந்த காலம் அது.

கக்கூஸ் இல்லாத ஊரில், வாய்க்கால் கரை ஈர மண்ணில் கொக்கிப்புழு பொரிக்கும். வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். 1920களிலேயே ராக்பெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் இந்தப் புழுவை ஒழிக்க வேலை செய்தது.

கறி, மீன், கீரைன்னு சாப்பிடுறவங்களுக்குப் போன ரத்தம் ஊறிடும். வெறும் கஞ்சி குடிக்கிற உடம்புல ஊறாது. சோகை வரும். நாத்துமுடி தூக்கினாலே மூச்சு வாங்கும். அதுக்கு எங்க வீட்டுல வச்ச பேரு 'சோம்பேறித்தனம்'. தாத்தா சொல்லித் திட்டுவாராம். சின்ன வயசுல நானும் சொல்லியிருக்கேன்.

இப்பல்லாம் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே குடற்புழு மாத்திரை தர்றாங்க. நடவுக்கு வர்ற பெண்கள் இப்போ செருப்பை வரப்புல கழட்டி வச்சிட்டுத்தான் வயல்ல இறங்குறாங்க. யாராவது மூச்சு வாங்கி உக்காந்தா எனக்குத் திட்ட வாய் வர்றதில்லை. "ரத்தம் பாத்தியாம்மா?"ன்னு கேக்கிறேன்.