மூச்சின் கணக்கில் மனம்

பல்லடத்தில் வாழ்பவர்க்குத் தூசி புதிதன்று. விசைத்தறிக் கூடத்தில் பறக்கும் பஞ்சு, கல் குவாரியின் வெண்பொடி, கோவை–திருச்சி சாலையில் இரவெல்லாம் ஓடும் லாரிகளின் புகை என அது பல வடிவில் வருகிறது. இது நெஞ்சை அடைக்கும் என்பதை ஊரில் யாவரும் அறிவர். மனத்தையும் தொடுமோ என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது.

தமிழ் மரபுக்கு இக்கேள்வி முற்றிலும் அந்நியமானதன்று. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோய் செய்யும் மூன்றனுள் வளியை முதலில் வைக்கிறார். திருமூலர் மூச்சை நெறிப்படுத்துவதையும் மனத்தை அடக்குவதையும் ஒன்றாகவே பேசுகிறார். அவர்கள் பேசியது உடலினுள் இயங்கும் காற்றை. ஆலைப் புகையை அன்று. எனினும் மூச்சையும் மனத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தது பிற்காலத் தொழில் மருத்துவம் எனலாம்.

அதன் வரலாறு பஞ்சோடும் பிணைந்தது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, சணலும் ஆளியும் சிக்கெடுப்போரின் ஓயாத இருமலைப் பதிவு செய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடியபோது, சூரத் பஞ்சு தொழிலாளரை எவ்வாறு வருத்துகிறது என்று 1863-இல் ஓர் ஆங்கில மருத்துவர் எழுதினார். பஞ்சுத் தூசி நோய்க்கு ‘பிசினோசிஸ்’ என்ற பெயரை 1877-இல் வழங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியன் புரூஸ்ட். ஆஸ்துமாவால் அவதியுற்று, கார்க் பதித்த அறையில் இருந்து நாவல் எழுதிய மார்செல் புரூஸ்டின் தந்தை இவரே. விடுமுறை கழிந்து திங்களன்று ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகுவது இந்நோயின் அடையாளம். அந்தத் திங்கட்கிழமையை எண்ணி ஞாயிறு இரவில் ஒருவர் கொண்டிருக்கக் கூடிய அச்சத்திற்கு மருத்துவம் பெயரிடவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனி ஏறத்தாழ 4,000 உயிர்களைப் பறித்ததாக அன்று கணக்கிட்டனர். பிந்தைய மதிப்பீடுகள் 12,000 வரை செல்கின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. எண்ணப்பட்டவை மரணங்களும் மூச்சு நோய்களுமே.

நம் நாட்டில் மனமும் கணக்கில் சேர்ந்தது போபாலில். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் கசிந்தது நச்சு வாயு. அன்றாடப் புகையோடு அதனை ஒப்பிட இயலாது. ஆயினும் ஒரு படிப்பினை உண்டு. மனநல மருத்துவர்கள் முறையாக நிலைமையை ஆராய்ந்தது சில வாரங்கள் கழித்து, 1985 பிப்ரவரியில்தான். சிகிச்சை நிலையங்களுக்கு வந்த பெரியவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனநலப் பாதிப்பு இருந்தது தெரிந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த சீனிவாச மூர்த்தி உள்ளிட்டோர், அங்கு பணியாற்றிய பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி அளித்தனர். இருமலோடு வந்தவரிடம் உறக்கத்தையும் அச்சத்தையும் பற்றிக் கேட்கும் வழக்கம் அவ்வாறு தொடங்கியது.

அன்றாட மாசு பற்றிய சான்றுகள் இன்று குவிந்து வருகின்றன. பிரிட்டனில் ஏறக்குறைய 3,90,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து, 2023-இல் வெளியான ஆய்வு, மாசு மிகுந்த காற்றில் நெடுங்காலம் வாழ்ந்தோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் கண்டது. நுண்துகள்கள் உடலில் உண்டாக்கும் அழற்சி மூளையையும் எட்டலாம் என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். இது தொடர்பைக் காட்டுவதேயன்றி முடிந்த நிரூபணமன்று. வறுமை, இரைச்சல், உறக்கமின்மை ஆகியவற்றைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது. 2009-இல் இந்தியா வகுத்த வரம்போ 40.

பல்லடத்துத் தறிக்கூடத்தில் இவையெல்லாம் ஒரே உடலில் வந்து சேர்கின்றன. தூசி, தறியின் இரைச்சல், இரவு ஷிப்ட், கடன். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்தவராயின் மொழி தெரியாத தனிமையும். எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருமலுக்கு மருந்து எழுதும் மருத்துவர், “தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது?” என்று கூடவே கேட்கலாம். போபாலின் பொது மருத்துவர்கள் கற்றுக்கொண்டது அதைத்தான். அக்கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.