அனுப்பிவைப்பவரா, பங்காளியா? எச்.ஐ.வி. பணியில் ஆப்பிரிக்க மரபு மருத்துவர்

மரபு மருத்துவர்களை நலவாழ்வுப் பணியில் இணைக்க வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா பிரகடனத்திலேயே இடம்பெற்ற கருத்து. ஆப்பிரிக்க மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் அவர்களையே நாடுகிறார்கள் என்ற கணக்கும் கட்டுரைக்குக் கட்டுரை எடுத்தாளப்படுகிறது. அதன் அடிப்படை ஐயத்துக்குரியது. நம் வாதத்துக்கு அது தேவையுமில்லை. காய்ச்சலோ தீராத வயிற்றுப்போக்கோ கண்ட கிராமத்தார் பலர் மருத்துவமனைக்கு முன் மரபு மருத்துவர் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதே போதும். அவருக்கு என்ன வேலை தருவது என்பதில்தான் திட்டங்கள் தடுமாறியிருக்கின்றன.

பெரும்பாலும் தரப்பட்டது ஒரே வேலை: ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது. இதன் போதாமையை உகாண்டாவின் ம்பராரா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 17 மரபு மருத்துவர்களும் அவர்களிடம் வந்த 500 பேரும் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவு மருத்துவர்கள் அறிவுரை கூறி, சோதனைக்காக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவினர் பயிற்சி பெற்றுத் தாங்களே எச்.ஐ.வி. சோதனை செய்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, 90 நாள்களுக்குள் முதற்பிரிவில் சோதனை செய்துகொண்டவர்கள் 23 விழுக்காட்டினர். இரண்டாம் பிரிவில் அனைவரும். சொல்லியனுப்பிய இடத்துக்கு முக்கால்வாசிப் பேர் போகவேயில்லை. பேருந்துக் கட்டணமும் நெடுநேரக் காத்திருப்பும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சமும் உள்ள ஊரில் இதில் வியப்பில்லை.

அதே நாட்டில் 1992இல் தொடங்கிய தேட்டா அமைப்பு வேறொரு வழியில் வந்தது. அக்கி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு போன்ற துணைநோய்களுக்கு மூலிகைகள் பயன்படுமா என்று மரபு மருத்துவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்த பிறகே, அவர்களுக்கு ஆலோசனைப் பயிற்சி அளித்தது. அவர்கள் அறிவை மதித்துத் தொடங்கிய இந்த வரிசையைப் பின்வந்த பல திட்டங்கள் மறந்துவிட்டன.

எதிர்வாதம் தென்னாப்பிரிக்காவைச் சுட்டும். அங்கே அன்றைய சுகாதார அமைச்சர் சாபலாலா-ம்சிமாங் எச்.ஐ.வி.க்குப் பூண்டையும் பீட்ரூட்டையும் ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு எனப்படும் கிழங்கையும் பரிந்துரைத்தார். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை தாமதமாயிற்று. 2000 முதல் 2005 வரையான அத்தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அந்தக் கிழங்கின் சாறு, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆபத்து உண்மையே. ஆனால் மருந்தைத் தடுத்துவைத்தது சங்கோமா எனப்படும் மரபு மருத்துவரின் குடிசையன்று, அமைச்சரவை. ஆட்சியாளர்கள் செய்த பிழைக்கு நாட்டு வைத்தியரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மரபு மருத்துவரிடம் போகிறவர்களைக் கடிந்துகொண்டால் மூலிகை நிற்காது. செவிலியரிடம் அதைச் சொல்வதுதான் நின்றுவிடும்.

எல்லையும் வேண்டும். எச்.ஐ.வி.யை முற்றிலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவரைச் சட்டம் தண்டிக்கட்டும். கூட்டு மருந்தை நிறுத்தச் சொல்பவரோடு உடன்பாடு கிடையாது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: வைத்தியரும் தொற்றுக்கு ஆளாகிறார். தோலை பிளேடால் கீறி மருந்துப் பொடியைத் தேய்க்கும் முறை தென்னாப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் பரவலாக உள்ளது. கையுறை இல்லாமல் செய்யும்போது நோயாளியின் இரத்தம் வைத்தியரின் விரலில் படுகிறது. இப்படி இரத்தம் படும் வைத்தியர்களிடையே தொற்று கூடுதலாக இருப்பதைத் தென்னாப்பிரிக்காவின் புஷ்பக்ரிட்ஜ் பகுதி ஆய்வு பதிவுசெய்துள்ளது. சடங்கைக் கைவிடச் சொல்வதைவிட, ஆளுக்கொரு புதிய பிளேடும் கையுறையும் தருவது எளிது. அவர் ஏற்கக்கூடியதும் அதுவே.

தென்னாப்பிரிக்கா 2007இல் மரபு மருத்துவர்களுக்கெனச் சட்டம் இயற்றிவிட்டது. சட்டத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சோதனைக் கருவி, கையுறை, மேற்பார்வை, செய்த வேலைக்கு ஊதியம் ஆகியவற்றுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தொகை ஒதுக்க வேண்டும். அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்ற தகவலும், நோயாளியின் ஒப்புதலோடு, மரபு மருத்துவருக்குத் திரும்பி வர வேண்டும்.